சம்மதம் என்று எடுத்துக்கொண்டது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் மகளும், மாடியில பெரியவங்களும் நல்லா இருக்கீங்களா? போன் பண்ணாம கடிதம் எழுதுறானேன்னு பார்க்காதே. போன்ல பேசினா என் வீட்டுக்காரி சிட்டு காதுல விழும். அதோட, நீ நடுவுல புகுந்து என்னைப் பேசவே விடமாட்ட.

என்னோட ஏசி வேலை பார்த்தவன் மூணாவது மாடியிலிருந்து விழுந்து இறந்ததைச் சொல்லியிருந்தேன். அவன் பொண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிச்சிட்டா. கையில ரெண்டு பிள்ளைங்க. புருஷன் வீட்டு ஆளுங்க எட்டிப் பார்க்கிறதில்ல. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றார். குழாய் ஒழுகுதுன்னு நான் ஒரு தடவை போய் வந்தா தெருவுக்கே கழுத்து நீளமாயிடுது. அதனால அவளை நிக்காஹ் பண்ணிக்கலாம்னு இருக்கேன். மார்க்கம் அனுமதிச்ச விஷயம்தானே. ரெண்டு பேர்கிட்டயும் நீதமா நடந்துப்பேன்.

சிட்டுகிட்ட சொன்னேன். அழல, சண்டை போடல. துணியைப் பிழிஞ்சுகிட்டே, "மதியத்துக்குச் சாப்பாடு கட்டவா?"ன்னு கேட்டா. ஓயாம பேசுறாளேன்னுதான் நாம சிட்டுன்னு பேர் வச்சோம். இப்ப வாயே திறக்கிறதில்ல. அதுதான் என்னைப் படுத்துது.

நீயும் ஒரு நாள் மகளை இடுப்புல வச்சுகிட்டு அந்தப் பொண்ணு மாதிரித்தானே நின்ன? மச்சான் ரெண்டாந்தாரமா கட்டிக் கை கொடுக்கலைன்னா என்ன ஆகியிருப்ப? இதை நீயே சிட்டுக்கு எழுது. நீ சொன்னா கேப்பா.

உன் தம்பி

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நடுவுல புகுவேன்னு பயந்து கடிதம் போட்ட. இப்ப தடுக்க ஆளில்லாம பேசப் போறேன்.

நீ சொன்னது பொய்யில்ல. சித்தப்பா வீட்டு அடுப்படியில பாய் விரிச்சுப் படுத்த காலம் எனக்கு மறக்கல. நான் வேலை பார்த்த கடையில முதலாளி, எல்லாரும் போன பிறகு என்னை மட்டும் இருக்கச் சொல்வான். இவரைக் கட்டின மறுவாரம் அதே ஆள் என்னை "வாங்கம்மா"ன்னு கூப்பிட்டான். மகளுக்குக் காய்ச்சல்னா என்னோட சேர்ந்து கண் முழிக்க ரெண்டு பேர் இருந்தாங்க. அதுல இவரோட மூத்த சம்சாரம், நம்ம பெரியவங்கதான் முதல் ஆள். இதையெல்லாம் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா உன் மச்சான் மாடியில இருக்கிற நாள்ல அவர் சிரிக்கிறது கீழே கேக்கும். கேக்காத மாதிரி பாத்திரம் தேய்ப்பேன். மேலேயும் ஒருத்தி அப்படித் தேய்ச்சிருப்பாங்கன்னு இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்ல.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு மாடிக்குப் போனேன். பெரியவங்க பள்ளிக்கூடச் சீருடை தைச்சுகிட்டு இருந்தாங்க. என்னைக் கட்டிக்க அன்னைக்கு அவர் சம்மதம் கேட்டப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு முதல் தடவையா கேட்டேன். நூலை வெட்டிட்டு என்னைப் பார்த்தாங்க.

"சரின்னு சொன்னேன். வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்னு என்கிட்ட யாரும் சொல்லலையே."

என்மேல கோபமில்லையாம். நான் பாவம், எங்கே போவேன்னு நினைச்சாங்களாம். சொல்லிட்டு, பொத்தான் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாங்க.

அதனால சிட்டுக்கு நான் எழுத மாட்டேன். நான் இதுல பலன் அடைஞ்சவ, என் பேச்சு எடுபடாது. நீயே உட்கார்ந்து கேளு. அவ வேண்டாம்னு சொன்னா நீ என்ன பண்ணுவன்னு முதல்ல அவகிட்ட சொல்லு. அதுக்கப்புறம் சம்மதம் கேளு. புருஷனா ஆகாம அந்தப் பொண்ணுக்கு உதவ வழியே இல்லையான்னும் யோசி. உன் கூட்டாளிங்க எல்லாரும் எங்கே போனாங்க?

உன் அக்கா

மார்ச் 1

அக்காவுக்கு,

நீயும் இப்படிப் பேசுவன்னு நினைக்கல. கூட்டாளிங்களைக் கேட்டேன். ஆரம்பத்துல ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாங்க, இப்ப என் போனை எடுக்கிறதில்ல. ரெண்டு பிள்ளையோட இருக்கிறவளைக் கட்ட கல்யாணமாகாதவன் எவன் வர்றான், சொல்லு?

சிட்டுகிட்ட மறுபடி கேட்டேன். "உங்க இஷ்டம்"னு சொன்னா. சம்மதம்தானே அது? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ். மச்சானைக் கூட்டிகிட்டு வந்துடு.

தம்பி

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

நாங்க ஏன் வரலைன்னு இந்நேரம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். நிக்காஹுக்கு முந்தின நாள் சிட்டு உன் மகளோட இங்கே வந்துட்டா. உன்கிட்ட அம்மா வீட்டுக்குப் போறதாத்தான் சொன்னாளாம். போயும் இருக்கா. அங்கே எல்லாரும் அனுசரிச்சுப் போன்னு சொன்னதும் அப்படியே திரும்பி இங்கே பஸ் ஏறிட்டா.

கதவைத் திறந்தது பெரியவங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. பையை வாங்கிகிட்டு மாடிக்குக் கூட்டிகிட்டுப் போயிட்டாங்க. நான் டீ போட்டுக் கொண்டுபோனேன். ரெண்டு பேரும் பேசிகிட்டு இருந்தவங்க என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டாங்க. வச்சுட்டு இறங்கி வந்துட்டேன். நான் உன் அக்காங்கிறதால மட்டும் இல்ல தம்பி. அங்கே பேசின பேச்சு எனக்கானது இல்ல.

சாப்பிடும்போது உன் மச்சான், விருந்தாளி எத்தனை நாள் இருப்பாங்கன்னு கேட்டார். பெரியவங்க குழம்பை ஊத்திகிட்டே, "அவளுக்கு இருக்கணும்னு தோணுற வரைக்கும்"னாங்க. அவர் மறுபேச்சுப் பேசாம சாப்பிட்டார். இந்த வீட்டுல அப்படி நான் பார்த்ததில்ல.

உன் அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நிக்காஹ் முடிஞ்சுது. அவ நல்லவ, அதிர்ந்து பேசமாட்டா. சின்னவன் என் சட்டையைப் பிடிச்சுகிட்டாத்தான் தூங்குறான். தெருவுல இப்ப யாரும் எதுவும் பேசுறதில்ல. செஞ்சது தப்புன்னு என்னால சொல்ல முடியல.

ஆனா முறை வச்சு, சிட்டு இருந்த நம்ம வீட்டுக்கு வந்தா பூட்டு தொங்குது. தனியா ரொட்டியைப் பிச்சுத் தின்னுட்டுப் படுக்கிறேன். நீதமா நடப்பேன்னு சொன்னேன். நீதமா நடக்கிறதுக்கு ஆள் இருக்கணுமே அக்கா.

நானே போய் சிட்டு அக்காவைக் கூட்டிகிட்டு வரட்டுமான்னு இவ கேக்குறா. அவ வீட்டை அடைச்சுகிட்டு நிக்க வரலைன்னு அழுறா. சிட்டுகிட்ட எடுத்துச் சொல்லு. இஷ்டம்னு அவதானே சொன்னா?

உன் தம்பி

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சிட்டுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். சின்னவன் சட்டையைப் பிடிச்சுத் தூங்குற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னா. இஷ்டத்தைப் பத்தி, "அவர் இஷ்டம்னுதான் சொன்னேன். என் இஷ்டத்தை அவர் கேக்கல"ன்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு, "மதினி, நீங்க இங்கே வந்தப்ப பெரியவங்க கோவிச்சுகிட்டு வீட்டை விட்டுப் போயிருந்தா, நீங்க இருந்திருப்பீங்களா?"ன்னு கேட்டா.

என் மகளுக்கு அப்ப நடக்கக்கூடத் தெரியாது. இருந்திருப்பேன்னு சொன்னேன். அவ முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரல.

"அப்ப அவளும் இருக்கட்டும். அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. என்னாலதான் இருக்க முடியாது"ன்னா.

அவ குலா கேட்டு ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கா. உன்னைவிட்டு விலகிக்கிறேன்னு அவளே கையெழுத்துப் போட்டுட்டா தம்பி. பெரியவங்களோட சேர்ந்து தைக்கிறா. உன் மகளை இங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. ஜமாஅத்துல அவ பக்கம் நின்னு பேச என்னைக் கூப்பிட்டா. போறேன். இது உனக்கு எதிரா இல்லைன்னு சொன்னா நீ நம்பமாட்ட. நம்பணும்னு நானும் கேக்கல.

ஞாயித்துக்கிழமை வா. மகள் உன்னைத் தேடுறா. சாப்பாடு கீழே என்கிட்ட. அந்த ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிகிட்டு வா, அவங்களுக்கும் நான் அத்தைதான். அவளையும் கூட்டிகிட்டு வரட்டுமான்னு கேப்ப. இப்ப வேண்டாம்.

உன் அக்கா