கரையில்லாத துண்டும் மதினியின் சாய்ந்த எழுத்தும்

என் பிரியமுள்ள ரூபி மதினிக்கு,

ஞாயித்துக்கிழமை உங்க கல்லறைக்குப் பூ கொண்டாந்தப்பவே இதைச் சொல்லியிருப்பேன். அண்ணன் பக்கத்துல நின்னதால வாயைத் திறக்கல.

நெசவாளர் சங்கத்துக்கு நூல் கணக்குப் போடுற புரோகிராமை எழுதினது நான். புரோகிராம் வரியும் அதுக்கான விளக்கமும் ஒண்ணாச் சேர்ந்து, பாடப் புஸ்தகம் மாதிரி அச்சாகி வரணும்னு யோசிச்சதும் நான்தான். நீங்க செஞ்சது ஒரு சின்னக் கருவி. அச்சாகும்போது கட்டளைச் சொல்லைத் தடிமனாக்கும். வரிக்கு நடுவுல நாம எழுதி வைக்கிற குறிப்பையும், ரெட்டைக் கோட்டு மேற்கோளுக்குள்ள இருக்கிறதையும் சாய்ச்சு விடும். முதல்ல திரையில சிவப்பும் நீலமுமாக் காட்டினீக. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில எல்லாம் ஒரே கறுப்பாப் போகவும், தடிமன், சாய்வுன்னு மாத்திட்டீக. எனக்கு ஏன் அது தோணல?

புஸ்தகத்தை விரிச்சவுக எல்லாரும் பக்கமே பளிச்சுன்னு இருக்கேன்னாக. என் நூல் கணக்கை ஒருத்தரும் பார்க்கல. எங்கம்மாகூட திருச்சுழிச் சொந்தக்காரங்ககிட்ட, மருமக செஞ்ச புஸ்தகம்னுதான் காட்டினாக. பெத்த மக அங்கேயே காப்பி ஆத்திக்கிட்டு நிக்கிறேன். வயிறு எரியுமா எரியாதா, மதினி?

விஷயத்துக்கு வாரேன். நீங்க காய்ச்சல்ல போன பிறகு, புஸ்தகத்துல துண்டுக்குன்னு புதுசா ஒரு அத்தியாயம் சேர்த்தேன். அச்செடுத்தா, பாதிப் பக்கத்துக்குக் கீழ அம்புட்டு வரியும் சாஞ்சு கிடக்கு. தேடிப் பிடிச்சிட்டேன். சேலைக்கு அகலம் 48", கரை 4"ன்னு நெசவுக்காரவுக எழுதுற மாதிரியே நாமளும் குறிப்புல எழுதுவோம்ல. இஞ்சுக்குப் போடுற அந்த ரெட்டைக் கோட்டை உங்க கருவி மேற்கோள்னு நினைச்சு, அகலத்துல திறந்து கரையில மூடியிருக்கு. குறிப்பு எப்படியும் சாய்வுதானே, யாருக்கும் தெரியல. துண்டுக்குக் கரை கிடையாது, அகலம் மட்டும்தான். திறந்தது மூடவே இல்ல.

மாட்டினீகளான்னு துள்ளி எந்திரிச்சேன். உங்க முகம் போற போக்கைப் பார்க்கணும்னு திரும்பினா, நாம சேர்ந்து வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர்ல உங்க நாற்காலி மேல முதலாளியோட பை இருக்கு. இத்தனை வருஷமாத் தேடின தப்பு கிடைச்சிருச்சு, காட்ட ஆளில்ல. போட்டியை இப்படியா பாதியில விட்டுட்டுப் போவீக?

அந்தக் கருவியைத் தூக்கிப் போட்டுட்டு நீயே ஒண்ணு எழுது, அட்டையில உன் பேரு மட்டும் போட்டுக்கலாம்னாரு முதலாளி. எனக்கு ஆசைதான், ஏன் பொய் சொல்லணும்? வீட்டுல வந்து சொன்னேன். அண்ணன் சோத்துல வச்ச கையை எடுக்காம, “அப்ப அவ பேரு புஸ்தகத்துல இருக்காதா?”ன்னு கேட்டுச்சு.

மறுநாள் உங்க கருவியையே திருத்தினேன். குறிப்புக்குள்ள வர்ற கோட்டைக் கண்டுக்காதேன்னு சில வரி சேர்த்தேன், அவ்வளவுதான். துண்டுப் பக்கம் அம்சமா வந்திருச்சு. அந்த அழகும் உங்க கருவியோடதுதான்னு பார்த்ததும் மறுபடியும் எரிஞ்சது.

உங்க பேரை எடுக்க மாட்டேன் மதினி, இது சத்தியம். யாரு செஞ்சதுன்னு கேட்டா எங்க மதினின்னுதான் சொல்வேன். துண்டுப் பக்கத்தை நிமித்தினது நான்னும் கூடவே சொல்வேன். அதை நீங்க பொறுத்துக்கிடணும். முடியாதுன்னா, வந்து சண்டை போடுங்க.

எரிச்சல் இன்னும் தீராத உங்க நாத்தனார்,
ஸ்டெல்லா