மூன்று அளவுப் பையும் வேண்டாம்

இராஜபாளையம்,
வெகுதானிய வருஷம் கார்த்திகை மாதம் 14ஆம் தேதி

கொழும்பில் இருக்கும் சிரஞ்சீவி கருத்தப்பாண்டிக்கு, தகப்பன் போன நாளிலிருந்து உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா மொக்கைச்சாமி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி அய்யம்மாளும் உன் பெண்சாதி நாச்சியாரும் குழந்தை அங்காளம்மாளும் பழனியாண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உன்னை ஏச வேண்டியது நிறைய இருக்கிறது, சீக்காளியை ஏசுவது பாவம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நானே வாசித்தேன். மூன்றாம் வகுப்பு முழுசும் நாலாம் வகுப்பு ஒன்றரை மாதமும் படித்தவனுக்கு உன் கோழிக்கிறுக்கல் ஒரு பொருட்டா, வாத்தியார் அன்றைக்கே என்னைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பச் சொன்னார், உன் தாத்தாதான் கேட்காமல் ஜின்னிங் பாக்டரியில் பருத்தி நிறுக்க அனுப்பினார். தைப்பூசத்துக்கு லீவு எடுத்து வருகிறாய், நம் கூட்டத்தோடு பழனிக்கு நடக்கிறாய், நாச்சியாரும் பிள்ளையும் ரயிலில் வந்து சேர அங்கே பிள்ளைக்கு முடியிறக்கலாம் என்கிறாய். அது இருக்கட்டும். அதற்கு மேல் முக்கால் பக்கம் என்னடா எழுதியிருக்கிறாய்? கொழும்புக் கடையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தான் முதுகில் மாட்டுகிற கித்தான் பை மூன்று அளவில் தொங்குகிறது, சின்னதா நடுத்தரமா பெரியதா, எதை வாங்க என்று. உன் கூடக் கணக்கெழுதும் ராஜரத்தினம் பெரியதைத்தான் வாங்கச் சொன்னாராம், ஏழு நாள் நடைக்கு ஏழு வேட்டி வேண்டுமாம். அந்த ராஜரத்தினம் நாலு தெரு தள்ளியிருக்கும் கடைக்கு ரிக்‌ஷாவில் போகிறவர் என்று நீயே போன கடிதத்தில் எழுதினாய். அவரிடம் போய் நடையைப் பற்றிக் கேட்டவனை என்ன சொல்ல? உன் முதுகில் பைக்கே இடம் இல்லை, ஏன் இல்லை என்று கீழே எழுதுகிறேன், முதலில் பெரிய பைக்காரர்களின் லட்சணத்தைக் கேள்.

நான் பழனிக்கு இருபத்தொரு தரம் நடந்தவன். உன் சித்தி ஒன்பது தரம் என்பாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டவாலி போட்டுக்கொண்டு நிற்கிற இருளப்பசாமியை உனக்குத் தெரியும் அல்லவா, போன தையில் அவர் ஒரு பை தைத்து மாட்டிக்கொண்டு வந்தார், தூரத்தில் பார்த்தவர்கள் ஆண்டாள் கோயில் யானைதான் வேட்டி கட்டி வருகிறது என்று கும்பிட்டார்கள். உள்ளே தலையணை ஒன்று, குடை இரண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு தூக்குவாளி நிறையப் பால்கோவா. கிருஷ்ணன்கோவில் தாண்டுமுன் வார் அறுத்துத் தோள் புண். கல்லுப்பட்டியில் பால்கோவா புளித்து வழிந்தது, அங்கே இருந்து உசிலம்பட்டி வரைக்கும் எறும்பு வரிசை அவர் பின்னாலேயே வந்தது, நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. கனத்தில் அவர் குதிகால் பதிந்த பள்ளத்தில் எருமை தண்ணீர் குடித்ததையும் பார்த்தேன். நம் கூட்டத்தில் காலையில் தோளேற்றிய சுமையை அடுத்தவன் கையில் கொடுக்கும் வழக்கம் இல்லை, நேர்ந்தவன்தான் சுமக்க வேண்டும். அது தெரிந்தும் அவர் என்னிடம் வந்து, "மொக்கைச்சாமி, செத்த நேரம் இதைப் பிடியுமய்யா, பொறவு வாங்கிக்கிடுதேன்" என்று கெஞ்சினார். நான், "கோர்ட்டுல எல்லாரையும் மூணு தரம் கூப்பிடுதீரே, உம்ம பையையும் மூணு தரம் கூப்பிட்டுப் பாரும், தானா நடந்து வருதான்னு" என்றேன். கூட்டம் வத்தலக்குண்டு வரை சிரித்தது. அங்கே அவர் மாட்டுவண்டியில் ஏறிப்போனவர்தான், இந்த வருஷம் வாயைத் திறக்கக் காணோம்.

பையின் அளவுக்கு ஒரே சோதனைதான் உண்டு. வேண்டியதை எல்லாம் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், பிறகு சுவரையும் பிடிக்காமல் எவன் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும். எழ முடியாவிட்டால் பை பெரிது. மாற்று வேட்டி ஒன்று, துண்டு, திருநீற்றுப் பை, அவலும் கருப்பட்டியும் ஒரு நாளைக்கு. அவ்வளவுதான். மீதி நாளுக்கு ஊர் ஊராகக் கஞ்சி ஊற்றுகிறார்கள், வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். ஒட்டன்சத்திரத்தில் என் நடையின் வேகத்தைப் பார்த்த ஒரு ஜமீன்தார் எனக்கு மட்டும் வெள்ளித் தட்டில் சோறு போட்டார் என்பது உனக்குத் தெரிந்த கதை. இவ்வளவும் ஒரு சாண் அகல மஞ்சள் பையில் அடங்கும். அதையும் நீ சுமக்கப் போவதில்லை, நாச்சியார் சுமக்கிறாள். அவளும் நடக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் என்று இரண்டு வரி எழுதினேன். நான் எதையும் குறைத்து எழுதுகிறவன் இல்லை, அதை மட்டும் குறைத்துவிட்டேன். நீ அலறிக்கொண்டு கப்பலேறுவாய், வேலை போய்விடும் என்று நாங்கள் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம். வந்தது ஜன்னி. ஐந்து நாள் கண் திறக்கவில்லை, பால் இறங்கவில்லை. டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை பார்ப்போம் என்று நாச்சியாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நட்ட நடு மத்தியானம், நான் பாக்டரி வாசலில் வடக்கே பழனி இருக்கும் திசையைப் பார்த்து நின்று, மஞ்சள் துணியில் காசு முடிந்து, பிள்ளை பிழைத்தால் முடியிறக்குகிறேன் என்றுதான் தொடங்கினேன். பருத்தி இறக்க வந்த நாற்பது பேர் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். கேட்க ஆள் இருந்தால் என் வாய் நிற்குமா? "இவ அப்பன் கொழும்புல இருந்து வருவான், இங்கயிருந்து பழனி வரைக்கும் இவளைத் தன் தோள்லயே சுமந்து வருவான், வண்டி கிடையாது, ரயில் கிடையாது, மாத்துத் தோளு கிடையாது, பசியாத்தவும் உறங்கவும் மட்டுந்தான் இறக்குவான்" என்று என் வாயில் வந்துவிட்டது. உன்னைக் கேட்கவில்லை. ஆறு மணிக்குப் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது.

மறுநாள் நாச்சியார் என்னிடம், "மாமா, உங்க வாய்க்கு அவியளையா அடகு வைக்கிறது? அவிய இந்தப் பிள்ளையை இன்னும் பார்க்கக்கூட இல்லையே" என்றாள். உடனே கோயில் பூசாரியிடம் போய், அவன் வராவிட்டால் நான் சுமக்கிறேன் என்று கேட்டேன். மூட்டை சரிந்து விழுந்த முழங்கால்தான், ஆனாலும் இந்தக் காலால் இன்னும் இரண்டு பிள்ளையைச் சுமப்பேன். அவர், "எந்தத் தோளைச் சொன்னீரோ அந்தத் தோளுதான்வே" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை ஒரு தரம் தும்மினாலும் உன் சித்தி என்னைத்தான் பார்க்கிறாள். நீயோ பட்டாளத்துப் பையைப் பற்றி முக்கால் பக்கம் எழுதுகிறாய். நல்ல ஆள்.

இன்னொன்று. உன் மகள் மீசை வைத்த அந்நியனைக் கண்டால் தெரு முழுக்கக் கேட்கும்படி அழுகிறாள். உன் போட்டோவைக் காட்டினாலும் அழுகிறாள், அது அவளுடைய தப்பு இல்லை. லீவு பதினைந்து நாள் என்றால் நடைக்கு முதல்நாள் வந்து இறங்குவாய், அவள் செம்பட்டி வரைக்கும் உன் காதைக் கடித்துக்கொண்டே வருவாள். முதலாளி காலைப் பிடித்தாவது மேலும் பத்து நாள் வாங்கி முன்னதாக வா. தினம் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு சஞ்சீவி மலை வரை போய் வா. உன் தோளும் பழகும், அவளும் பழகுவாள். அங்கே இருக்கும்போதே ராத்திரி சீக்கிரம் படு, வெற்றிலையைக் குறை, காலில் செருப்பில்லாமல் கொஞ்சம் நடந்து பழகு, கொழும்பு ரோட்டில் நடந்த பாதத்துக்கு நம் ஊர்க் கருவேல முள்ளைத் தெரியாது.

நாச்சியார் தனியாக ஒன்றும் எழுதச் சொல்லவில்லை, உன் பழைய வேட்டியைக் கிழித்துப் பிள்ளையை முதுகில் கட்டத் தூளி தைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கும் உன் கைகாலுக்கும் முருகன் துணை இருக்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு. பத்து நாள் முன்னதாக வருவதை மறக்காதே, பதிலில் அதை முதல் வரியில் எழுது. ராஜரத்தினத்துக்கு என் வந்தனம், அந்தப் பெரிய பையை அவரையே வாங்கிக்கொள்ளச் சொல், ரிக்‌ஷாவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு உன் சித்தப்பா,
மொக்கைச்சாமி,
பருத்தி நிறுவை, இராஜபாளையம்

எழுத விட்டுப்போனது: உனக்கு அளவுதானே வேண்டும். இன்று காலை பாக்டரித் தராசில் உன் மகளை உட்கார்த்தி நிறுத்தேன், இருபத்திரண்டேகால் ராத்தல், தட்டில் உட்கார்ந்துகொண்டு எடைக்கல்லைத் தள்ளிவிடப் பார்க்கிறாள். காய்ச்சல் விட்ட அன்றைக்கு இதே தராசில் பதினாறரை இருந்தாள். முப்பது வருஷம் பருத்தி நிறுத்தவன், அன்றைக்கு எனக்குக் கல் எடுத்து வைக்கக் கை வரவில்லை, பக்கத்தில் நின்றவன்தான் வைத்தான். இதில் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.