வால்வு சாவிக்கு ஓட்டு

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. எழுதப் பழகி நாலு மாதம்தானே ஆகிறது. பின்னால் படிக்கத் திணறினால் என்னை நானே மன்னித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்பில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் திறக்கும் வால்வு சாவியை இத்தனை வருடம் ஒரு காண்டிராக்டர் வைத்திருந்தான். இனி அது சந்துக்காரர்களிடமே இருக்கும். யார் கையில் என்பதற்கு இன்று சீட்டு எழுதி ஓட்டுப் போட்டோம். நானும் பக்கத்து வீட்டுச் செல்லத்துரையும் நின்றோம். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பெயரை நானே எழுதி ஓட்டுப் போட்டேன். அந்தச் சந்தோஷம் இன்னும் விரலில் இருக்கிறது.

என் பெயரையே எழுதக் கூச்சமாக இருந்தது. மரியாதைக்காகச் செல்லத்துரை பெயரை எழுதினேன். அவரும் என் பெயரைத்தான் எழுதுவார் என்று நினைத்தேன். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்துவிட்டார்.

"நீரு யாருக்கு வே போட்டீரு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் அண்ணாச்சி. நின்னது நான்லா?" என்றார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே.

வீட்டில் மனைவி, "ஒரு ஓட்டுல போச்சே, எந்தப் பாவி ஒங்களுக்குப் போடாம விட்டான்?" என்று கேட்டாள்.

"அது ரகசிய ஓட்டு" என்றேன்.

செல்லத்துரை நேரம் தவறாமல் திறப்பார், தெரியும். இருந்தும் வயிறு எரிகிறது. அடுத்த ஞாயிறும் எரிந்தால் இன்னும் எழுதுவேன்.