கர்த்தர் சொன்னதாக நான் சொன்னது

ஜூன் 2, திங்கள்
என் புருஷன் செமிசி இறந்து ஆறு வாரம். அடக்கத்துக்காக ஆக்லாந்திலிருந்து டோங்காவுக்கு வந்த நாத்தனார் மலியா அண்ணி இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை. சாயங்காலம் வழக்கம்போல ஜெபத்துக்கு முழங்காலிட்டேன். ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்து துணி மடித்தேன்.

ஜூன் 4, புதன்
சபை மூப்பர் வஹாயி வந்தார். சபையார் முறைவைத்துச் செய்யும் பிரசங்கப் பட்டியலில் இந்த ஞாயிறு என் பெயர். "வேணும்னா வேற ஆளைப் போட்டுடறேன், செலா" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? பிப்ரவரியில் அதே பீடத்தில் நின்றுதான், "என் புருஷன் பிழைப்பார், கர்த்தர் என்னிடம் சொல்லிவிட்டார்" என்றேன். சபையே அழுதது. உண்மையில் கர்த்தர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி
அண்ணி பேசினார். சேம்புக்கிழங்கு உரித்துக்கொண்டே, தலை நிமிராமல்.
"தம்பி பிழைச்சிடுவான்னு கர்த்தரே சொல்லிட்டாராமே, அப்புறம் எதுக்கு ஓடணும்னுதான் நான் டிக்கெட் எடுக்கல. அவன் உயிரோட இருக்கறப்போ ஒரு தடவை மூஞ்சியப் பார்த்திருப்பேன்."
உரித்த கிழங்குகளை எடுத்துக் கழுவினேன்.
"கர்த்தர் பேர்ல நீயே கையெழுத்துப் போட்டுட்டே, செலா."
அண்ணி சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 7, சனி
பிரசங்கம் எழுதவில்லை. கறுப்புத் துணிக்கு இஸ்திரி போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு
எங்கள் வழக்கப்படி இடுப்பில் துக்கப் பாயைக் கட்டிக்கொண்டு பீடம் ஏறினேன். வசனம் வாசித்தேனா — நினைவில்லை. இதைச் சொன்னது நினைவிருக்கிறது:
"பிப்ரவரியில நான் சொன்னது பொய். கர்த்தர் என்கிட்ட எதுவும் சொல்லல. என் ஆசைய அவர் வாயில வச்சுப் பேசிட்டேன். இப்போ எனக்கு ஜெபமே வரல. அவர் இருக்காரான்னுகூடத் தெரியல. என் பேச்ச நம்பி வராமப் போனவங்க என்னை மன்னிச்சிருங்க."
சொல்லி முடித்தபின் உள்ளே ஒன்றுமில்லை. வஹாயி எழுந்து பாட்டை ஆரம்பித்துவிட்டார். பாவம், அவர்தான் வேறென்ன செய்வார். எல்லாரும் பாடினார்கள். மலியா அண்ணி பாடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஜூன் 9, திங்கள்
பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்களாம். சரி.

ஜூன் 10, செவ்வாய்
அண்ணிக்கு நாளை விமானம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.
"மார்ல ஒரு கட்டி இருக்கு. போனதும் டெஸ்ட் எடுக்கணும். யார்கிட்டயும் சொல்லல."
மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.
"ஜெபம் பண்ணு."
தூக்கிவாரிப் போட்டது. "நானா? போதகர் இருக்காரே அண்ணி!"
"அவர் எல்லாம் சரியாயிடும்பாரு. எல்லாருமே அதத்தான் சொல்லுவாங்க. நீ சொல்லமாட்டே."
முழங்காலிட்டேன். அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. "ஆண்டவரே, நீர் கேக்கறீரான்னு எனக்குத் தெரியாது. இவங்க மலியா. பயந்துபோயிருக்காங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை. கையையும் விடவில்லை.
ஆமென்னை அண்ணிதான் சொன்னார்.