காற்று பார்க்காமல் நிரப்பிய ஆறு சிலிண்டர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன் அறைத் தோழிக்கும் வேண்டாம். படித்த கையோடு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கவும் வேண்டாம், உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே உறைக்குள் இருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல் தொடங்கி, அம்மாவின் முழங்கால் வலி, கூரைத் தகடு மாற்றியது, பூனை மறுபடி குட்டி போட்டது, நீ ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்பது வரை எல்லாம் அதில் இருக்கிறது. எல்லாமே நிஜம்தான், முதல் வரியைத் தவிர. அப்பா சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நான்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, அப்பா ஒரு பல் டாக்டரையும் அவர் மனைவியையும் சாய்ந்த கப்பலுக்குக் கூட்டிப்போனார். பவளப்பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒருக்களித்துக் கிடக்கும் அந்தக் கப்பலுக்குள் அவர் இருபது வருஷமாக முங்கி முங்கி எழுகிறவர் என்பது உனக்குத் தெரியாததா. நேற்று அதற்குள்ளேயே வழி தவறிவிட்டார். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், "எஞ்சின் ரூமை விட்டு வெளியே வந்தா வலது பக்கம் திரும்பணும். நம்ம அடுப்படிக்குப் போற மாதிரி, கண்ணை மூடிக்கிட்டே போவேன். இன்னைக்கு இடது பக்கம் திரும்பி ஒரு துருப்பிடிச்ச சுவரைத் தடவிக்கிட்டு நிக்கிறேன், இங்கதானே வாசல் இருந்துச்சுன்னு." பல் டாக்டரின் மனைவிதான் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாராம். படகில் ஏறியதும் இரண்டு முறை வாந்தி, தலை வெடிக்கிற வலி. படகில் ஒரு கயிறு கட்ட அரை நாள் எடுத்துக்கொள்கிறார் என்று நீ ஆமை என்று பெயர் வைத்தாயே, அந்த ஆமை அண்ணன் சிரிக்க வைக்கப் பார்த்தார். "உங்களுக்கு வயசாகலைண்ணே, கப்பலுக்குத்தான் வயசாயிருச்சு, வாசல் நகர்ந்து போயிருக்கும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா பித்தமாக இருக்கும் என்றாள். "பித்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூட்டிட்டுப் போனவனை விருந்தாளி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாச்சு. இனிமே நான் தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது" என்றார் அப்பா. அம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். இன்று காலை மருந்தகத்தில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது, ஓய்வு எடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவர் நேராக ஐஸ் ஃபாக்டரிக்காரரிடம் போய், நாளைச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து படகை விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இத்தனை வருஷமாக ஐஸ் ஃபாக்டரிக்காரர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன படகு. திரும்பி வந்து தன் ரப்பர் உடுப்பை நல்ல தண்ணீரில் அலசி, மடித்து, பரணில் போட்டார். அதை அவர் மடித்து நான் பார்த்ததே இல்லை அக்கா, எப்போதும் கொடியில்தான் தொங்கும்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு சிலிண்டர்களுக்குக் காற்று அடைக்கும் வேலை என்னுடையது. நீ இருந்தபோது நீ செய்தாய், இப்போது நான். கம்ப்ரஸரின் டீசல் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கம்பத்தில் கட்டிய துணியைப் பார்த்து, காற்று இழுக்கும் குழாயை எதிர்ப் பக்கம் கொண்டுபோய் மாட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னால் எழுந்து போய்த் துணியைப் பார்த்துவிட்டு நோட்டில் "காற்று பார்த்தாச்சு" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும் அல்லவா, அதைச் செய்யவில்லை. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அக்கா ஒரு தொடர்கதைப் புத்தகம் கொடுத்திருந்தாள், அதைப் படித்துக்கொண்டு கொட்டகைக்குள் பாயில் படுத்திருந்தேன். மீட்டர் முள் கோட்டைத் தொட்டதும் எட்டி அடுத்த சிலிண்டரை மாட்டுவேன், மறுபடி படுத்துக்கொள்வேன். கடைசியில் ஆறு டிக்கையும் சேர்த்துப் போட்டேன். வெளியே வந்தபோது துணி மறுபக்கம் பறந்துகொண்டிருந்தது. புகை குழாயின் வாய்க்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. எப்போது திரும்பியது என்று தெரியவில்லை. இப்போதுதான் திரும்பியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு சிலிண்டரைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தேன், வாடையே இல்லை. வடிகட்டி எண்ணெய் வாடையைத்தான் நிறுத்தும், புகையில் இருக்கும் விஷத்தை நிறுத்தாது, அதற்கு வாடையும் கிடையாது என்று நீ சொன்னது நேற்று ராத்திரிதான் ஞாபகம் வந்தது. அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது போய் நோட்டைப் பார்த்தேன். அவர் கொண்டுபோனது ஏழாம் எண். நான் நிரப்பியது. டாக்டரும் மனைவியும் கொண்டுபோனவை அப்பாவே வெள்ளிக்கிழமை நிரப்பியவை. அதனால்தான் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். சித்தப்பா ஒரே ஒரு நாள் துணியைப் பார்க்காமல் டிக் போட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இருந்தும் கூடப்பிறந்த தம்பி என்றுகூடப் பார்க்காமல் அப்பா அவரிடமிருந்து கொட்டகைச் சாவியை வாங்கினார், ஐந்து வருஷமாக இருவரும் தெருவில் பார்த்தாலும் பேசுவதில்லை. "தப்புப் பண்ணினவனை மன்னிச்சிரலாம். பார்க்காமலே பார்த்தேன்னு எழுதினவனை எப்படி நம்புறது" என்று அப்பா சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். பரீட்சை முடிந்ததும் என்னைக் கப்பலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். மாடிப்படியில் பவளம் முளைத்திருக்கிறதாம், சமையல் அறையில் ஒரு கிழட்டு மீன் முதலாளி மாதிரி உட்கார்ந்துகொண்டு யார் வந்தாலும் முறைக்குமாம். அது இனி நடக்காது. பரவாயில்லை.

மீதி ஐந்து சிலிண்டர்களும் நாளைக் காலை ஏழு மணிக்குப் போகிறவை. நான்கு விருந்தாளிகளும் ஆமை அண்ணனும். அப்பாவுக்குப் பதில் அவர்தான் இறங்குகிறார். அதனால் சற்று முன்பு கொட்டகைக்குப் போனேன். வால்வு ஒவ்வொன்றையும் ஈரத் துண்டால் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். ஐந்தும் காலி. நாளைக்கு அவற்றால் யாருக்கும் எதுவும் ஆகாது.

இத்தோடு நான் தப்பித்துக்கொள்ளலாம் அக்கா. வால்வு கசிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவார்கள், பழைய வால்வுகள்தானே. ஆமை அண்ணன் மறுபடி நிரப்பிக்கொண்டு ஆடி அசைந்து ஒன்பது மணிக்குக் கிளம்புவார். நாலு மணிக்குப் படகும் கைமாறிவிடும். அப்பா தனக்கு வயசாகிவிட்டது, புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டே மீதிக் காலத்தையும் ஓட்டுவார். அவர் புத்தி தடுமாறவில்லை. அவருக்குப் புகையைக் கொடுத்தது நான். சிலிண்டரைக் காலி செய்தால் விருந்தாளிகள் பிழைப்பார்கள், ஆனால் அப்பாவுக்கு அது போதாது. வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. நோட்டில் அந்த ஆறு டிக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பேனாவால்தான் எழுதினேன், பென்சில் என்றால் காலையில் எனக்கே அழிக்கத் தோன்றும். ஆறு மணிக்கு அப்பா பல் தேய்க்க வரும்போது கிணற்றடியில் வைத்துச் சொல்லப் போகிறேன். அடித்தால் அடிக்கட்டும். பேசாமல் இருந்தால்தான் தாங்க முடியாது, அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

இது உன் கைக்கு வர ஐந்து நாள் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். யோசனை கேட்டு எழுதவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் பிறகு என்னால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று செய். நான் சொன்ன பிறகும் அப்பா நம்பாமல், சின்னப் பெண் தன்னைத் தேற்றுவதற்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தால், நர்ஸாக நீ போனில் சொல்லு, தலைவலியும் வாந்தியும் வழி தவறியதும் அந்தப் புகையின் வேலைதான் என்று. உன் பேச்சைக் கேட்பார். இன்னும் ஏதாவது பரிசோதனை செய்ய வேண்டுமென்றால் அதையும் அவரிடமே சொல்லிவிடு.

ஆசீர்வாதமெல்லாம் அம்மா அந்தக் கடிதத்தில் வண்டி வண்டியாக அனுப்பியிருக்கிறாள். என் பங்குக்கு, நீ எங்கே இருந்தாலும் நல்ல காற்றையே சுவாசி. வெறும் வயிற்றோடு படுக்காதே. இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துப் போட மறக்காதே.

உன் தங்கை

அக்கா, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். கொட்டகை நோட்டு ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்கிறார், கோபக் குரல் இல்லை, கலங்கின குரல். ஆறு மணி வரை காத்திருக்கப் போவதில்லை, இப்போதே