கோணிப்போன வலது இறக்கை

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்புப் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டைவிட்டு வந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போதே என்னைப் பார்த்துக் கத்தினீர்கள், "தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல விழலையா?" நீங்கள் போட்டிருந்தது நீலக்கட்டம் போட்ட சட்டை, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. எனக்கு எதுவும் மறக்காது. என் கல்யாணத்தில் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டதே மறக்கவில்லை.

மறக்காததால்தான் உங்கள் கைவேலையும் கண்ணிலேயே நிற்கிறது. ரிமோட்டில் பறக்கிற அந்தக் குட்டி ஜெட்டுக்கு இறக்கை செய்யச் சூடான கம்பியால் தெர்மாகோலை அறுத்தீர்களே, மூச்சுகூட விடவில்லை. முன்பக்கம் தடிமன், பின்பக்கம் போகப்போக நகம் மாதிரி. மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டி, அறுத்த மிச்சத்தையே மேலும் கீழும் மெத்தையாக வைத்து, பன்னிரண்டு புத்தகமும் மூன்று தண்ணீர் கேனும் பாரம் ஏற்றினீர்கள். எங்கள் கதவு செய்த ஆசாரி இதில் பாதிக் கவனம் வைத்திருந்தால் அது இன்றைக்கும் தரையில் உரசாது.

பசை காய்வதற்குள் ஓரத்துக் கேன் காணாமல் போனது. வலது இறக்கை நுனி நனைந்த அட்டைபோல முறுக்கிக்கொண்டது. எடுத்தது நான் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். நான் வாய் திறக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

அந்த இறக்கை என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு இறக்கையையும் புதிதாகச் செய்தேன். ஒன்றை மட்டும் செய்தால் எடை ஒத்துவராது. நேற்றுப் பொருத்தினேன். உடம்பின் குறுக்கே கார்பன் குழாயைச் செருகி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தள்ளினேன். சந்தில் ஒரு தாள்கூட நுழையவில்லை. வாலிலிருந்து இரண்டு நுனிக்கும் நூல் பிடித்து அளந்தோம். உங்கள் மகள் வால்பக்கம் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. நான் துள்ளிக் குதித்தேன். அவள் அழுதுவிட்டாள்.

"கேனை எடுத்தது நான்தான். குழாயில தண்ணி வரலை, அவசரத்துக்கு எடுத்தேன். அம்மா பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க."

அத்தை, ஏன் சொல்லாமல் போனீர்கள்? என்னை மன்னித்துவிடுங்கள். மாசக் கடைசியில் முதல் தடவை பறக்கவிடப் போகிறேன். நீங்கள் வராமல் கிளப்ப மாட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

தாள் நுழையாத சந்து என்று எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்ததும் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பார்த்துக்கோ, என் மாப்பிள்ளை கை" என்றேன். அவள் மருமகனுக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் கத்தினால் நான் பஸ் ஏறலாம். என் மகள் எங்கே போவாள்?

அறுக்கும்போது தெர்மாகோல் உடைந்தால் நீங்கள் அதைத் திட்டியதில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். "என் தப்புதான்" என்று அடுத்த துண்டை எடுப்பீர்கள். அப்படி ஒரு மனுஷனை என் ஆயுசில் பார்த்ததில்லை. வீட்டு ஆளிடம் மட்டும் அந்த மனுஷன் எங்கே போய்விடுகிறார்?

இப்போதைக்கு நான் வரவில்லை. உண்மையைச் சொல்ல ஏன் பயந்தாய் என்று அவளைக் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

மாமியார்

மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

கேட்டேன். மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தாள், கல்யாணமான முதல் மாசத்திலிருந்து. தேதி, கிழமை, நான் கத்தின வார்த்தை. இடையில் ஒரு தடவை "அப்படி இல்லை" என்று வாயெடுத்தேன். பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

விமானத்தை இன்னும் பறக்கவிடவில்லை. இறக்கைகளைக் கழற்றித் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். தினமும் சாப்பாடு ஆனதும் உட்காருகிறோம். அவள் சொல்கிறாள், நான் கேட்கிறேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம். நேற்றுதான் மூன்றாம் வருஷத்துக்கு வந்திருக்கிறாள்.

உங்கள் மாப்பிள்ளை