வரிசையில் நாலாம் இடம்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ரொறன்ரோவுக்கு வெளியே, அஜக்ஸில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு மண்ணிறக் கடித உறை. உன் மேசை லாச்சிக்குள் கிடந்ததாம். உள்ளே பதினான்கு போட்டோக்கொப்பித் தாள்கள், மூலையில் துருப்பிடித்த கம்பி. "அங்கிள், இது அப்பான்ர எழுத்து. எழுத்துக் கூட்டி வாசிச்சுப் பாத்தனான், ஒரு சொல்லும் விளங்கேல்லை. இது தமிழா, இல்லையா?" என்று கேட்டாள். ஏழு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போன பிள்ளை. பாவம், தன்னுடைய தமிழில்தான் பிழை என்று நினைத்துவிட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு சங்கத்தின் சரித்திரம். இடையிடையே வரும் ஸ்பானியச் சொற்களுக்கு மேல், அவற்றின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் நீ பென்சிலால் எழுதியிருந்தாய். எர்மானோ, சகோதரன். உனிதாத், ஒற்றுமை. பிரெசெந்தே. எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போய் ஐந்து மாதம். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்வோம் என்றுதான் வாயெடுத்தேன். சொல்வதென்றால் நான் உனக்குச் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணி போடும் சாட்டில் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ரொறன்ரோவில், பார்க்டேலில் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். நீ எட்டாம் மாடியில் நாலு பொடியங்களோடு, நான் மூன்றாம் மாடியில் அண்ணை குடும்பத்தோடு. பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஸ்ட்ரீட்காரில் போவோம். பின்னேரங்களில் நீ ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினாய். அங்கேதான் ரொட்ரிகோ உனக்குக் கிடைத்தான். எல் சல்வடோரில் சண்டைக்குத் தப்பி வந்தவன், எங்கள் பல்கலைக்கழகத்திலேயே எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவன். அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க மாணவர்கள் நடத்தி வந்த ஒரு சகோதரச் சங்கத்தின் கிளையை ரொறன்ரோவில் தொடங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே பிடி. ஏழு பேர் இருந்தால்தான் கிளை. தன்னையும் சேர்த்து ஐந்து பேர்தான் அவனிடம் இருந்தார்கள். நீ உன் பெயரைக் கொடுத்தாய். போதாததற்கு என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாய்.

"உனக்கென்ன விசரே? நாங்கள் ஸ்பானிஷ்காரரே?" என்று நான் கத்தினேன். எவரும் சேரலாம், கூட நிற்கச் சம்மதம் என்றால் போதும் என்று ரொட்ரிகோ சொன்னதாகச் சொன்னாய். எனக்கு அது காணாது. ஸ்ட்ரீட்கார் மூன்று தரிப்பு தாண்டிய பிறகுதான் உண்மையான காரணத்தைச் சொன்னாய்.

அவர்களுடைய கூட்டத்துக்கு ஒருநாள் சும்மா பார்க்கப் போயிருக்கிறாய். அங்கே பெயர் கூப்பிடுவார்கள். இருப்பவர்களின் பெயர் முடிந்ததும் ஒவ்வொருவனும் தன் வீட்டில் இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்வான். எல்லோருமாகச் சேர்ந்து "பிரெசெந்தே" என்பார்கள், இங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம். முறை உன்னிடம் வந்ததும் நீ சின்னண்ணையின் பெயரைச் சொன்னாயாம். ஊரில், சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி எடுத்த பிறகு திரும்பி வராத உன் சின்னண்ணை. அம்மா உனக்கு எழுதும் கடிதங்களில்கூட அவரை "மற்றவர்" என்றுதான் எழுதுவா.

"வீட்டுக்குள்ள மெதுவாச் சொல்லவும் பயந்த பேரடா. இவங்கள் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு கத்துறாங்கள், மச்சான்."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சரி, வாறன் என்றேன்.

அந்தப் பதினான்கு பக்கங்களையும் ஸ்ட்ரீட்காரிலேயே பாடமாக்கினோம். நியூயோர்க்கிலிருந்து மூத்த சகோதரர்கள் வந்து கேள்வி கேட்பார்கள், ஒருவன் தடுமாறினாலும் ஏழு பேரும் தோல்வி. சங்கத்தின் முதல் ஆட்கள் கப்பலேறிப் படிக்க வந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள். படித்து முடித்து ஊருக்குத் திரும்பியவர்கள். அவர்கள் போனதோடு சங்கமும் படுத்துவிட்டது. பல வருடம் கழித்துத் தூக்கி நிறுத்தியவர்கள் வேறு ஆட்கள். தொழிற்சாலைக்கும் சமையலறைக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், திரும்பிப் போக வழியில்லாதவர்கள். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நீ பென்சிலால் தட்டி, "உது எங்கட கதைதான்" என்பாய். நான் கணக்குப் பாடப் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

சேருகிறவர்கள் உயரப்படி வரிசையாக நிற்க வேண்டும், கட்டையன் முன்னுக்கு. நான் நாலு. என்னைவிட இரண்டு விரற்கடை உயர்ந்த நீ ஐந்து. பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் தோளில் வலது கையை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எவனாவது வரவில்லையென்றால் அவனுக்கு முன்னால் நிற்பவன்தான் அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டும். வேறு எவரும் சொல்லக்கூடாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. உன் கை மட்டும்தான் சரியான பாரம், அதையும் அப்போதே உன்னிடம் முறைப்பாடு செய்தேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை. ஏழு பேரும் கறுப்புச் சேர்ட் போட்டுக்கொண்டு, கால் பிசகாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கன்ரீனைத் தாண்டி நடந்தோம். எங்கள் தமிழ்ப் பொடியங்கள் வாசலில் நின்றார்கள். ஊரில் என்னோடு ரியூசனில் படித்த ஒருத்தன், "விலத்துங்கோடா, ரயில் வருது" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், தோளில் இருந்த உன் கை குலுங்கியது எனக்குத் தெரிந்தது. எனக்கோ காது இரண்டும் கொதித்தது. இவ்வளவுதான் காரணம், மச்சான். இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்தநாள் உன்னிடம் வந்து, "அண்ணை விடுறார் இல்லை. படிப்பைப் பார் எண்டு ஒரே ஏச்சு" என்றேன். சங்கத்தின் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது.

நீ "ஓம்" என்று மட்டும் சொன்னாய்.

அந்த ஓமை நம்பி ஆறு வருடம் இருந்தேன். என் கலியாணத்துக்கு முதல் கிழமை, பந்திக்கு ஆள் எண்ணிக்கொண்டு இருக்கும்போதுதான் அண்ணை பேச்சுவாக்கில் சொன்னார். நான் அந்தப் பொய்யைச் சொல்லி இரண்டு நாள் கழித்து நீ ஒரு பெட்டி ரோல்ஸோடு மூன்றாம் மாடிக்கு வந்தாயாம், எனக்காகக் கெஞ்ச. "நான் ஒண்டும் சொல்லேல்லையே தம்பி. அவன் உதில சேந்ததே எனக்குத் தெரியாது" என்றாராம் அண்ணை. நீ அவரோடு கிரிக்கெட் கதைத்து, ரோல்ஸும் தின்று, வந்ததை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறாய். அடுத்த கிழமை எனக்கு மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றாய். என் தலைப்பாகையைச் சரிசெய்தாய். உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதே சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

நான் விலகியதால் கிளை ஒரு வருடம் பிந்தியது. அடுத்த வசந்தத்தில் ஒரு கொலம்பியப் பொடியன் வந்து சேர்ந்தான், ஆள் என்னைவிடக் கட்டை. அவனை நாலாக நிறுத்தி வரிசையை மூடுவோம் என்று எல்லோரும் சொன்னார்களாம். நீ விடவில்லை. "அது அவன்ர இடம். வருவான்" என்றாயாம். கடைசியில் உயரப்படி நிற்கும் வரிசையின் வாலில், ஆறடி ரொட்ரிகோவுக்குப் பின்னால், எட்டாம் இலக்கமாக அந்தக் கட்டையன் நிற்க வேண்டியதாயிற்று. உன் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் ஓர் ஆள் இடைவெளி, காற்றில் நீட்டியபடி உன் வலது கை. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். நீ உடனே "சாப்பிட வா" என்று கூப்பிடுவாய்.

உன் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று உன் வரிசைக்காரர் ஆறு பேரும் வந்தார்கள். நரைத்த தலைகள், வயிறு பெருத்ததால் பூட்ட முடியாத பழைய ஜக்கெட்டுகள். உள்ளே தேவாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ரொட்ரிகோ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைச் சொன்னான். ஒவ்வொரு ஒக்டோபரும் பெயர் கூப்பிடும் நாளில் நீ ஒருமுறையும் தவறியதில்லையாம். காய்ச்சலோடும் வந்தாயாம், மகள் பிறந்த கிழமையிலும் வந்தாயாம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "எனக்கு முன்னால ஆளில்லை. நான் வராட்டி எனக்காகச் சொல்ல ஒருத்தரும் இல்லை" என்றாயாம். பகிடியாகத்தான் சொன்னதாம்.

தேவாரம் முடிந்ததும் அவர்கள் உன் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். படத்தில் இருந்த அதே இடைவெளி, அதற்குப் பக்கத்தில் இப்போது உன்னுடையதும். ரொட்ரிகோ கூப்பிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று பதில் சொன்னார்கள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டான். ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டுவிட்டு, மூன்றாமவனும் எனக்காகச் சொல்லாமல், ஒரு மூச்சு பார்த்திருந்து தாண்டிப் போவார்களாம், நானே வந்து சொல்லட்டும் என்று நீ வைத்த வழக்கமாம். நான் கதிரையில் இருந்தேன். தாண்டிப் போய்விட்டான். அடுத்து உன் பெயர்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லக்கூடாதே. உன் மனைவிக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை, உன் மகள் திரும்பிப் பார்த்தாள். நான் எழும்பிப் போனேன். மூன்றாம் ஆளின் தோளில் கையை வைத்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இடம் விட்டான்.

"பிரெசெந்தே" என்றேன். நான் கேட்காத மன்னிப்பும் அதற்குள்தான் இருந்தது.

ரொட்ரிகோ முடிக்கவில்லை. இன்னும் ஒரு பெயர் இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தான். எனக்கு விளங்கியது. உன் சின்னண்ணையின் பெயரை, மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை கேட்கும்படி சொன்னேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மகளை வரச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்வேன், ரோல்ஸ் பெட்டியையும் சேர்த்து. பிறகு ஒக்டோபர் வரும். அஜக்ஸிலிருந்து வெள்ளனவே வெளிக்கிடுவேன். இனி நான் பிந்த முடியாது மச்சான், உனக்காகச் சொல்ல வேறு ஆளில்லை.